பழைய ரிசீவர், புது டிவி: எந்த ஒயரை எங்கே செருகுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்கிறேன். 2011-இல் வாங்கிய 5.1 ரிசீவர், அதாவது ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் பெட்டி, வீட்டில் இருக்கிறது. பின்பக்கம் மூன்று ஹெச்டிஎம்ஐ இன், ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய ஒரு ஹெச்டிஎம்ஐ அவுட், இரண்டு ஆப்டிகல், ஒரு கோஆக்சியல், அப்புறம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஜோடிகள் சில. புதிதாக ஒரு 4கே டிவி வாங்கியிருக்கிறீர்கள். அதோடு இணைக்க வேண்டியவை டிடிஎச் பாக்ஸ், 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக், சாதாரண புளூரே பிளேயர், அப்பாவின் கேசட் டெக். கடைக்காரர் விலை உயர்ந்த ஹெச்டிஎம்ஐ கேபிளை வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் ஆப்டிகலில்தான் சவுண்டு சுத்தமாக இருக்கும் என்கிறார். "எது பெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது எந்த ஒயர் உசத்தி என்பதல்ல. ஒவ்வொரு கருவியிலிருந்தும் கிளம்பும் ஒலி, வழியில் எதையும் இழக்காமல் ரிசீவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான். வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். புளூரே பிளேயரை ஹெச்டிஎம்ஐ மூலம் நேராக ரிசீவரில் செருகுங்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியில் செருகுங்கள். டிடிஎச் பாக்ஸ் இரண்டில் எதில் இருந்தாலும் சரி. டிவியின் ஏஆர்சி சாக்கெட்டிலிருந்து ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒரு கேபிள். கேசட் டெக் ஆர்சிஏவில். ஆப்டிகல் ஒயர் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படலாம். ஏன் இப்படி என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவை தெரிந்தால் நாளைக்கு ஒரு கருவியை மாற்றினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல், கோஆக்சியல் என்ற டிஜிட்டல் ஒயர்கள் மூன்றும் எண்களைத்தான் கடத்துகின்றன. எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒலி முழுதாக வரும். சேராவிட்டால் ஒலி விட்டு விட்டு வரும், படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. விலை கூடிய கேபிளால் பாஸ் இறுகுவதோ, குரல் தெளிவதோ நடக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்க முலாம் துருப்பிடிக்காமல் இருக்க உதவும், கடலோர ஊர்களில் அது நல்லதுதான். ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

ஒயர்கள் வேறுபடுவது கொள்ளளவில்தான். ஆப்டிகல் என்று நாம் சொல்லும் டாஸ்லிங்க், 1983-இல் தோஷிபா தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. கோஆக்சியலில் ஓடுவதும் அதே சமிக்ஞைதான். ஒன்றில் சிவப்பு ஒளியாகப் போகிறது, மற்றதில் செம்பில் மின்சாரமாகப் போகிறது. சிடிக்காக வடிவமைத்த வழி என்பதால், சுருக்கப்படாத ஒலி என்றால் இதில் இடம், வலம் என்று இரண்டு சேனல்தான் போகும். ஆறு சேனலைச் சுருக்காமல் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 7 மெகாபிட் வேண்டும். இந்த வழியில் அதற்கு இடமில்லை. அதனால்தான் 5.1 ஒலியைச் சுருக்கி டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ அனுப்புகிறார்கள். டால்பி டிஜிட்டல் டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட், புளூரேயில் 640. டிடிஎஸ் என்றால் 1.5 மெகாபிட் வரை. இவை ஆப்டிகலில் தாராளமாகப் போகும். புளூரேயில் வரும் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இழப்பில்லாத வடிவங்கள் போகாது. டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் போகாது.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆப்டிகலில் செம்பே இல்லாததால் ஒரு கருவியின் எர்த் கோளாறு இன்னொன்றுக்குத் தாவாது. ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ஹம் சத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கேபிள் டிவி ஒயரோ மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயரோ ஒரு எர்த்தைக் கொண்டுவரும், வீட்டு பிளக் இன்னொரு எர்த்தைக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் சுற்றும் மின்சாரம்தான் அந்த ஹம். கண்டுபிடிப்பது எளிது. ஹம் கேட்கும்போது செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். அந்த இடத்தில் ஆப்டிகல் நிஜமாகவே கைகொடுக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஹம் போக வேண்டும் என்று ரிசீவர் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பது. எலக்ட்ரீஷியன்களே இதைச் செய்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹம் போய்விடும், ஆனால் உள்ளே ஒரு கோளாறு வந்தால் ரிசீவரின் உலோக மூடியில் 230 வோல்ட் நிற்கும். குழந்தைகள் தொடும் பொருள் அது.

ஆப்டிகலுக்கும் கோஆக்சியலுக்கும் ஒலியில் வித்தியாசம் உண்டா என்பதில் மட்டும் ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. சினிமாவின் டால்பி, டிடிஎஸ் ஒலிக்கு வித்தியாசம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு சேனல் இசையில், நேரத் துல்லியம் பற்றி அளவெடுத்துப் பேசுபவர்கள் உண்டு. என் காதுக்கு எந்த வீட்டிலும் அது பிடிபட்டதில்லை. நடைமுறையில் கோஆக்சியலுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதற்கென்று கேபிள் வாங்க வேண்டாம். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ ஒயர் அதே 75 ஓம் வகைதான், அப்படியே பயன்படும். ஆப்டிகலில் கவனிக்க வேண்டியது இரண்டு. புது ஒயரின் இரு முனைகளிலும் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் அழுத்திவிட்டு 'சவுண்டு வரவில்லை' என்பவர்கள் நிறைய. டிவி ஓடும்போது மறுமுனையை உள்ளங்கைக்கு எதிரே பிடித்தால் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். இன்னொன்று, டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டும்போது ஒயர் கூர்மையாக மடங்கினால் உள்ளே இழை உடைந்துவிடும்.

இப்போது ஹெச்டிஎம்ஐ. இதில் ஒலி இரண்டு திசையில் போகிறது, குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கருவியிலிருந்து ரிசீவரின் 'இன்' சாக்கெட்டுக்கு வரும்போது வழி விசாலம். 2006-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.3 முதலே ட்ரூஹெச்டியும் டிடிஎஸ்-ஹெச்டியும் அப்படியே போகும். உங்கள் ரிசீவருக்கு அது வரும். டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும் ஏஆர்சி வேறு கதை. 2009-இல் ஹெச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த இது, கிட்டத்தட்ட ஆப்டிகலின் வேலையை ஹெச்டிஎம்ஐ ஒயருக்குள் செய்வதுதான். கூடுதலாக டால்பி டிஜிட்டல் பிளஸ் பெரும்பாலான டிவிகளில் போகும். டிவி ரிமோட்டிலேயே ரிசீவர் வால்யூமைக் கூட்டிக் குறைக்கலாம். ட்ரூஹெச்டியோ சுருக்காத ஆறு சேனலோ ஏஆர்சியில் வராது. 2017-இன் ஹெச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இஏஆர்சிதான் 37 மெகாபிட் வரை திறந்துவிட்டது. அது இரண்டு பக்கமும் இருந்தால்தான் பயன். உங்கள் டிவியில் இஏஆர்சி என்று எழுதியிருந்தாலும் ரிசீவர் பழையது என்பதால் சாதாரண ஏஆர்சியாகவே இயங்கும்.

அதனால்தான் புளூரே பிளேயரை டிவியில் செருக வேண்டாம் என்கிறேன். டிவி வழியாகச் சுற்றி வந்தால் உங்கள் வீட்டிலேயே சிறந்த ஒலி வைத்திருக்கும் அந்தக் கருவிதான் அதிகம் இழக்கும். டிடிஎஸ்ஸை அறவே கடத்தாத டிவி மாடல்களும் உண்டு. உங்களுடையது எப்படி என்பதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும். நேராக ரிசீவரில் செருகிய பின் பிளேயர் மெனுவில் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். ஆடியோ அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள், டிஸ்க்கில் உள்ள ஒலி அப்படியே ரிசீவருக்குப் போகும். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் மெனு சத்தங்களையும் விளக்கவுரையையும் கலப்பதற்காகப் பிளேயர் ஒலியைப் பிரித்து, சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றி அனுப்பும். ட்ரூஹெச்டி டிஸ்க் போட்டும் ரிசீவரில் அந்தப் பெயர் வராததற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்.

ஸ்டிக்கை மட்டும் ஏன் டிவியில் செருகச் சொல்கிறேன் என்றால், படத்துக்காக. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு ஹெச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்புப் பூட்டு வழியிலுள்ள எல்லாக் கருவிகளிலும் இருக்க வேண்டும். அது 2013-இல் வந்தது. 2011 ரிசீவரில் இருக்க வாய்ப்பே இல்லை. ஸ்டிக்கை ரிசீவர் வழியாக விட்டால் படம் 1080-க்கு இறங்கிவிடும், ஹெச்டிஆர் என்ற கூடுதல் வெளிச்சமும் நிறமும் போய்விடும். புது டிவி வாங்கியதன் பயன் பாதி போயிற்று. டிவியில் செருகினால் படம் முழுதாக வரும், ஒலி ஏஆர்சி வழியாகத் திரும்பும். ஸ்ட்ரீமிங்கில் 5.1-உம், மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸும் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில்தான் வருகின்றன. ட்ரூஹெச்டி அங்கே கிடையாது. ஆகவே ஏஆர்சியால் அங்கே நீங்கள் இழப்பது சொற்பம். அட்மாஸ் என்று போட்ட படத்தை உங்கள் ரிசீவர் 5.1-ஆக வாசிக்கும். கூரை ஸ்பீக்கர் இல்லாத அறைக்கு அது போதும்.

ஏஆர்சியில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. டிவியில் நான்கு ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் ஒன்றில்தான் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும், அதில்தான் செருக வேண்டும். ரிசீவரில் 'அவுட்' என்று இருப்பதில் செருக வேண்டும். ஒலி உள்ளே வருகிறதே என்று 'இன்'னில் செருகுபவர்கள் பலர். டிவி மெனுவில் சிஇசியை, அதாவது ஹெச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதியை, ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவர் மெனுவிலும் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோல், ஏஆர்சி இரண்டையும் ஆன் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, டிவியை முதலில் போட்டு அப்புறம் ரிசீவரைப் போடுங்கள். ஆரம்பகால ஏஆர்சி ரிசீவர்களும் இப்போதைய டிவிகளும் ஒத்துப்போவது சில ஜோடிகளில் தகராறுதான். உங்கள் ஜோடி ஒத்துப்போகும் என்று இங்கிருந்து என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒத்துப்போகாவிட்டால் மல்லுக்கட்டாமல் ஆப்டிகலைச் செருகிவிடுங்கள். பெரும்பாலான டிவிகள் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி அதில் அனுப்பும். 5.1 கிடைக்கும். வால்யூமுக்கு மட்டும் ரிசீவர் ரிமோட்டை எடுக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருவதால் 5.1 ஓடுகிறது என்று அர்த்தமில்லை. டிவியின் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' (சுருக்கப்படாத ஒலி) என்று இருந்தால் ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் இரண்டு சேனல்தான் வரும். ரிசீவர் அதை வாங்கி, புரோலாஜிக் போன்ற முறையில் ஐந்து ஸ்பீக்கருக்கும் தானே பிரித்துப் போடும். பின் ஸ்பீக்கரில் ஏதோ கேட்கும், மனமும் திருப்தியாகிவிடும். மழைக் காட்சி முன்னாலிருந்தே பெய்யும், பின்னால் வெறும் எதிரொலி. இதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டாம், ரிசீவரின் முன்பக்க டிஸ்பிளே போதும். படம் ஓடும்போது அதில் 'பிசிஎம்' என்றோ 'புரோலாஜிக்' என்றோ எழுத்து நின்றால் உள்ளே வருவது ஸ்டீரியோ. 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'டிடிஎஸ்' என்று வந்தால் நிஜமான 5.1 வர வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம், டால்பிக்குள்ளேயே இரண்டு சேனல் மட்டும் இருக்கவும் முடியும். பல ரிசீவர்களில் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக முன், நடு, பின், எல்எஃப்இ (சப்வூஃபருக்கானது) என்று வரும் சேனல்கள் ஒளிரும். அதைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. பிசிஎம் என்று காட்டினால் டிவியின் சவுண்டு மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை 'ஆட்டோ' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள். உங்கள் ரிசீவரின் வயதுக்கு இரண்டாவதுதான் பத்திரம். ஸ்டிக்கின் உள்ளேயும், டிடிஎச் பாக்ஸின் உள்ளேயும் இதே போன்ற அமைப்பு இருக்கும். டிவியைச் சரிசெய்தாலும், ஒரு கருவி பிசிஎம்மிலோ ஸ்டீரியோவிலோ நின்றால் அந்தக் கருவியிலிருந்து 5.1 வராது.

டிடிஎச் பாக்ஸைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பெரும்பாலான சேனல்கள் ஸ்டீரியோதான், சில ஹெச்டி சேனல்களில் டால்பி வரும். பாக்ஸை டிவியில் செருகினால் ஒரு சௌகரியம் உண்டு. காலையில் செய்தி பார்க்கவும் சீரியல் பார்க்கவும் ரிசீவரைப் போட வேண்டியதில்லை, வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒரே ரிமோட்டில் சமாளிப்பார்கள். என் வாடிக்கையாளர்களுக்கு நான் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன்.

கேசட் டெக் விஷயம் எளிது. சிவப்பு வெள்ளை ஒயரை டெக்கின் 'லைன் அவுட்'டிலிருந்து ரிசீவரின் 'டேப்', 'சிடி', 'ஆக்ஸ்' என்று எழுதிய எதிலும் போடலாம், எல்லாம் ஒரே அளவு சமிக்ஞைதான். 'ஃபோனோ' என்று ஒன்று இருந்தால் அதில் மட்டும் போடக் கூடாது. அது ரெக்கார்டு பிளேயருக்கானது. சில மில்லிவோல்ட் மட்டுமே வரும் என்று எதிர்பார்த்து அதைப் பலமடங்கு பெருக்கும், தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி உயர்ந்தவற்றை அமுக்கும். டெக்கை அதில் செருகினால் இரைச்சலும் உடைந்த சத்தமும்தான் வரும். பிற்பாடு ரெக்கார்டு பிளேயர் வாங்கினால் இதன் மறுபக்கம் நடக்கும். அதை ஆக்ஸில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கும்.

உதட்டசைவும் குரலும் ஒட்டாமல் போனால் திசையைக் கவனியுங்கள். ரிசீவரில் 'லிப் சிங்க்' என்று இருப்பது ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். குரல் முந்தி வந்தால் அதில் மில்லிசெகண்டைக் கூட்டிச் சரிசெய்யலாம். புளூரேயை ரிசீவரில் செருகும்போது இதுதான் நடக்கக்கூடும், ஏனென்றால் டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. குரல் பிந்தி வந்தால் ரிசீவர் உதவாது. டிவியின் ஆடியோ டிலேயைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்.

கேபிளுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை என்ன செய்யலாம் என்றால், ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்கள். சந்தையில் விற்கும் பல ஒயர்கள் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம், செம்பு நிறமே தொடர்ந்தால் நல்லது. பின் ஸ்பீக்கர்கள் சுவரைச் சுற்றிப் போவதால் நீளம் அதிகம், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். முன்னுக்கு 1.5 போதும். இங்கே ஓடுவது அனலாக் மின்சாரம், ஒயரின் தடிமன் உண்மையிலேயே கணக்கில் வரும்.

ஹெச்டிஎம்ஐக்கு, டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்றால் சாதாரண 'ஹை ஸ்பீட்' கேபிள் போதும். பின்னாளில் புரொஜெக்டர் வைத்து ஃபால்ஸ் சீலிங்குக்குள் பத்து மீட்டர் இழுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஃபைபர் வகை ஹெச்டிஎம்ஐ பற்றி யோசியுங்கள். அதற்குத் திசை உண்டு, எந்த முனை ரிசீவருக்கு, எந்த முனை திரைக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். சீலிங்கை மூடுவதற்கு முன் இரண்டு முனையிலும் செருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரிசீவரை மாற்ற வேண்டுமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் போதும், பார்ப்பது ஸ்ட்ரீமிங்கும் பழைய டிஸ்க்குகளும்தான் என்றால் இப்போது வேண்டாம். கூரையில் ஸ்பீக்கர் வைத்து அட்மாஸ் கேட்க வேண்டும், 4கே புளூரே வாங்க வேண்டும், புது கேம் கன்சோலை ரிசீவர் வழியாக விட வேண்டும் என்ற எண்ணம் வரும்போது மாற்றுங்கள், அப்போது இஏஆர்சி உள்ளதாகப் பாருங்கள். டிவி, ரிசீவர் இரண்டின் மாடல் எண்ணையும், ஸ்ட்ரீமிங் ஓடும்போது ரிசீவர் டிஸ்பிளேயில் என்ன எழுத்து வருகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். உங்கள் டிவி மெனுவில் எந்த அமைப்பை எப்படி வைப்பது என்று குறிப்பாகச் சொல்கிறேன்.